ஊரெல்லாம் போட்ட பிறகு ஒரு ஓட்டு

அந்த அக்காவிடம் ஒரு வெண்டைக்காயை நீட்டி இது பிஞ்சா முற்றலா என்று கேட்டால்கூட உடனே பதில் வராது. நுனியை ஒடித்துப் பார்ப்பார். "பிஞ்சுதான்" என்பார். காய்க்காரர் அள்ளித் தராசில் போடும் நேரத்தில், "ஆனா ஒண்ணு" என்று தொடங்குவார். காய் பிஞ்சுதான், ஆனால் நேற்றுப் பறித்ததோ என்னவோ. நேற்றுப் பறித்தது என்றால் இந்த விலை கூடுதல். கூடுதல் என்றாலும் இந்த வெயிலில் வேறு எங்கே போய் வாங்குவது. கோரிப்பாளையம் சந்திப்பில் பேருந்துகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஹாரன் அடிக்கும் சாயங்காலத்தில், தோளில் கைப்பையும் கையில் விடைத்தாள் கட்டுமாக அவர் அப்படியே நிற்பார்.

"டீச்சர், நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பிஞ்சு முத்திரும்" என்பார் காய்க்காரர்.

அக்கா சிரித்துவிடுவார். சிரித்தபடியே இன்னொரு காயை ஒடிப்பார்.

நாங்கள் இருவரும் ஆற்றுக்கு வடகரையில் ஒரு மிஷன் பள்ளியில் வேலை பார்த்தோம். அவர் நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு. நான் பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன், அறிவியல் எடுத்தேன். ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயரே 'ஆனா ஒண்ணு டீச்சர்'தான். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் கோபப்பட்டதில்லை. பரீட்சைத் தாள் திருத்தும் நாட்களில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வருவார்.

"விடை சரி. வந்த வழி தப்பு. இந்தப் புள்ளைக்கு எம்புட்டுப் போடுறது?"

"அரை மார்க் போட்டு விடுங்க டீச்சர்" என்பார் உடற்கல்வி ஆசிரியர்.

"போடலாம். ஆனா ஒண்ணு..."

"எம்மா, நம்ம ஊர்லயே ஐகோர்ட்டு கிளை இருக்கு. அங்கிட்டுப் போயி ஒரு மனுப் போட்டுருங்க."

அவர் அருகில் உட்கார்வதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நானும் எதையும் சட்டென்று முடிவு செய்கிறவள் அல்ல. குழந்தையின் நெற்றி லேசாகச் சுட்டாலும் மருந்து கொடுக்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று அறைக்கும் சமையல்கட்டுக்குமாக நடப்பேன். கொடுத்த பிறகு ஏன் கொடுத்தோம் என்று நடப்பேன். ஆனால் என்னை நடக்கவைத்தது பயம். அக்காவிடம் பயத்தை நான் பார்த்ததில்லை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது, அவ்வளவுதான். அந்தத் தேர்தல் வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாடாளுமன்றத் தேர்தல். எல்லாத் தேர்தலையும்போல எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்குச்சாவடி வேலை வந்தது. தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சொந்த ஊர்ச் சாவடியில் வரிசையில் நிற்க முடியாது என்பதால் தபால் ஓட்டு. பயிற்சி வகுப்பில் கையில் ஒரு பழுப்பு உறை கொடுத்தார்கள். அதற்குள் வாக்குச்சீட்டு, அதை வைத்து ஒட்டச் சின்ன உறை, ஓர் உறுதிமொழித் தாள், எல்லாவற்றையும் போட்டு அனுப்பப் பெரிய உறை. உறுதிமொழியில் அரசிதழ் அதிகாரி ஒருவர் முன்னால் கையெழுத்திட்டு, அவர் சான்று வாங்க வேண்டும். இப்போது முறை மாறிவிட்டது, அங்கேயே குறித்துப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வர முடியும். அப்போது வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எண்ணுகிற நாள் காலை வரைக்கும் வந்து சேர்ந்தால் போதும்.

எண்ணுகிற நாளோ எங்கள் ஓட்டுப்பதிவு முடிந்து ஒரு மாதத்துக்கும் மேல் தள்ளி இருந்தது. வடக்கே இன்னும் பல மாநிலங்கள் பாக்கி. ஊரெல்லாம் ஓட்டுப் போட்டு, விரலில் மை வைத்து, மையும் நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் அக்காவின் ஓட்டு மட்டும் போடாமல் கிடந்தது. யோசிக்கிற ஆளுக்கு அரசாங்கமே ஒரு மாதம் அவகாசம் கொடுத்தது போலாயிற்று.

நான் என் சீட்டைப் பயிற்சி வகுப்பின் மதிய உணவு இடைவேளையிலேயே குறித்து அனுப்பியிருந்தேன். என் கணவர் பைக் ஷோரூமில் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். "வண்டி வரிசையா நிக்குது, வாங்க ஆள் வரல. இதுக்கு மேல என்ன யோசனை வேண்டிக் கிடக்கு?" என்று அவர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. குறித்த பிறகு, அது என் கணக்கா அவர் கணக்கா என்ற கேள்வி சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவும்போது வந்தது. கழுவி முடித்த பிறகும் போகவில்லை.

அக்காவின் வீட்டில் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அவருடைய கணவர் இரும்பு பீரோ செய்யும் பட்டறை வைத்திருந்தார். புது வரி, புது பில் முறை எல்லாம் வந்த இரண்டொரு வருடத்தில் அது படுத்துவிட்டது. டெல்லியில் இருக்கிற தலைவர்தான் காரணம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அப்போது வேறொருவரின் பட்டறையில் பீரோவுக்கு பெயிண்ட் அடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அக்காவின் அண்ணன் எழுமலையில் இருந்தார். அவர்களுடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தவர். அண்ணன் கடனுக்கு ஒரு பொக்லைன் இயந்திரம் வாங்கி, சாலை வேலைகளுக்கு விட்டு, அதே வருடங்களில் நிமிர்ந்தார். சொந்தமாக நிலம் வாங்கிய முதல் ஆள் அந்த வகையறாவில் அவர்தான். அவருக்கு அதே தலைவர் குலசாமி மாதிரி.

"இவரு, பட்டறைய மூடுனவனுக்கா போடுவன்னு கேக்காரு. அண்ணன், எம்புள்ளைக்குச் சோறு போடுறவன எதுத்தா போடுவன்னு கேக்கான்" என்றார் அக்கா. "எனக்கு ரெண்டும் வலிக்கி. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா நாடு வந்துருமா சொல்லு?"

"வேற எத வச்சுக்கா போடுறது?" என்றேன்.

"அதான் எனக்கும் தெரியல."

தெரியவில்லை என்று சும்மா இருக்கிறவர் அல்ல அவர். கேட்கத் தொடங்கினார். எதிரில் வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்வி: போன எலெக்‌ஷனுக்கும் இந்த எலெக்‌ஷனுக்கும் உங்களுக்கு எப்படி இருக்கு? கோரிப்பாளையம் தர்கா பக்கம் பூக்கட்டும் பெண் சொன்னாள், "யாவாரம் நல்லாத்தான் ஓடுது டீச்சர், கையிலதான் நிக்க மாட்டேங்குது." ஆட்டோக்காரர், "அதெல்லாம் நமக்கு எப்பவும் ஒண்ணுதான்க்கா" என்றுவிட்டு, சிக்னல் விழுந்த பிறகு திரும்பி, "வீடு கட்டிட்டேன். ஆனா தூக்கம் இல்ல" என்றார். அக்கா அதை ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வீடு கட்டியதை எந்தப் பக்கம் வைப்பது, தூக்கம் இல்லாததை எந்தப் பக்கம் வைப்பது?

என்னிடமும் கேட்டார். நான் குழந்தையின் பால் பவுடர் விலையைச் சொன்னேன்.

"அது டெல்லியா, சென்னையா, இல்ல கம்பெனிக்காரனா?" என்றார்.

அன்றைக்குக் கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதில் எழுதியிருக்கும் என்பது போல.

மே மாத விடுமுறையில் ஒருநாள் மதியம், வெயிலில் முகம் கறுக்க, என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். பையிலிருந்து அந்தப் பழுப்பு உறையை எடுத்தார்.

"இத உன் வீட்டுல வச்சிரு புள்ள."

"என்னக்கா இது? இன்னும் போடலையா?"

"எங்க போட விடுறாக? நேத்து ராச்சோறு தின்னுட்டு, சீட்ட எடுத்து மேசையில வச்சு பேனாவையும் மூடியத் திறந்து வச்சிட்டாரு. போடு, நான் பாக்கணும்ங்காரு. அண்ணன் போன் பண்ணி, குத்திட்டு போட்டா எடுத்து வாட்ஸப்புல அனுப்பு ஆத்தாங்கான். சாவடியில அட்டப் பெட்டிய மறைப்பா வச்சு, ஊரு சனம் அம்புட்டுக்கும் ரகசியமாப் போடச் சொல்லிக் குடுத்தது நானு. என் ஓட்டு சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்துல கெடக்கு."

வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அவர் படி இறங்கியதும்தான் என் நடை ஆரம்பமாயிற்று. முதலில் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். குழந்தை அப்போது எதை எடுத்தாலும் கிழிக்கிற வயது, பீரோக் கதவையும் இழுக்கக் கற்றிருந்தாள். எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். எலி வருமோ என்று தோன்றியது. வேதாகமம் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஜெபம் செய்யக் கண்ணை மூடினால் உறைதான் தெரிந்தது. குழந்தை தூங்கும்போது எழுந்து போய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன்.

என் கணவர் ஒருநாள் வேதாகமத்தை எடுக்கப்போய் அதைக் கண்டுவிட்டார்.

"அடுத்தவங்க ஓட்ட வீட்டுக்குள்ள வச்சிருக்கியா? இது கேஸாகும்டி. உனக்கு வேல இருக்கணுமா வேணாமா?"

"அவங்க வீட்டுல வைக்க முடியலைங்க."

"அதுக்கு? நம்ம வீடு என்ன ஸ்ட்ராங் ரூமா?"

அவர் சொன்னது சரி. நான் வைத்திருந்ததும் சரி என்றுதான் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று அன்றிரவு குழம்பியபோது, அக்காவின் நாட்கள் எப்படிப் போகின்றன என்பது எனக்கு முதன்முறையாக விளங்கியது. நான் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருத்தி இல்லை. ஆனால் சிரித்தபோது தடுத்தவளும் இல்லை.

எண்ணிக்கைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அக்கா வந்தார். அதிகாரியின் சான்று இன்னும் வாங்கவில்லை. விடுமுறையில் தெரிந்த அதிகாரிகள் யாரும் ஊரில் இல்லை. என் மாமனாருக்குப் பழக்கமான அரசுக் கால்நடை மருத்துவர் அலங்காநல்லூர்ப் பக்கம் இருந்தார், அவரும் அரசிதழ் அதிகாரிதான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். பேருந்தில் உறையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார் அக்கா. பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் வழக்கமான கேள்வியைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரும்புக் காட்டையும், அது முடிகிற இடத்தில் வீட்டு மனை என்று கல் நட்டிருந்ததையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரித் திண்டில் ஒரு பெரியவர் வயிறு உப்பிய ஆட்டோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் சிரிஞ்சில் மருந்தை ஏற்றியபடி எங்களை நிமிர்ந்து பார்க்காமலேயே, "மாடா, ஆடா?" என்றார்.

"ஓட்டு சார்" என்றார் அக்கா.

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "எம்மா, நாளன்னிக்கு எண்ணப் போறாக. நீங்க இன்னுமா வச்சிருக்கீக?"

"யோசிச்சுக்கிட்டே இருந்துட்டேன் சார். நீங்க சொல்லுங்க, இந்த நாலஞ்சு வருசத்துல சனங்க மாடு வாங்குறது கூடியிருக்கா, விக்கிறது கூடியிருக்கா?"

டாக்டர் பேனாவைத் திறந்தார். "வாங்குனவன் என்கிட்ட வாரான். வித்தவன் சந்தையோட போயிடுறான். நான் யாரப் பாத்தேன்னு சொல்ல?"

"டாக்டரு, டெல்லி இருக்கட்டும், ஆட்டப் பாருங்க" என்றார் பெரியவர். "அது எவன் வந்தாலும் புல்லத்தான் திங்கப் போகுது. நேத்து எவனோ கொட்டுன கல்யாணச் சோத்தத் தின்னுட்டு வந்து படுத்துக்கிருச்சு."

அக்கா டாக்டர் முன்னால் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சான்றளித்து முத்திரை குத்தினார். நாங்கள் திரும்பி வரும்போது பேருந்தில் அக்கா ஒன்று சொன்னார். "அந்த டாக்டரு மாதிரிதான் புள்ள நானும். என்கிட்ட வந்தவகளத்தான் கேட்டேன். வராதவக எம்புட்டுப் பேரோ." சொல்லிவிட்டு, கொஞ்ச தூரம் போனதும், "இருந்தாலும் போதும். கேட்டது போதும்" என்றார். அவர் வாயிலிருந்து 'போதும்' என்ற சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

திரும்பி வந்ததும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போட்டார். சீட்டு பறக்கக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். ஏதாவது செய்வோமே என்று பால் காய்ச்சும் பாத்திரத்தைக் கழுவினேன். பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், யாரோ காலை மிதித்துவிட்டது போல, "அய்யய்யோ" என்றார்.

ஓடிப் போனேன். சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தார்.

"என்னாச்சுக்கா?"

"டிக் போட்டேன். போட்ட கையோட ஓரத்துல இனிஷியலையும் போட்டுட்டேன்."

விடைத்தாள் திருத்துகிற கை. டிக் அடித்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டாலொழிய அந்தக் கை ஓயாது, எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் வாக்குச்சீட்டில் போட்டவர் யாரென்று காட்டுகிற எந்தக் குறி இருந்தாலும் அது செல்லாது. அதை எங்களுக்கு எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருந்தார்கள். சந்தேகம் கேட்ட சக ஆசிரியர்களுக்கு அக்காவே சொல்லியிருக்கிறார்.

குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு செருப்பைத் தேடினேன். "அக்கா, ஒண்ணும் ஆகல. கலெக்டர் ஆபீஸ்ல இதத் திருப்பிக் குடுத்தா வேற சீட்டு தருவாங்க. தவறிப் பாழாயிட்டா தரலாம்னு ட்ரெயினிங்ல சொன்னாங்கள்ல. இன்னும் நேரம் இருக்கு. இப்பவே ஆட்டோ புடிச்சுப் போயிரலாம்."

அக்காவின் உள்ளங்கை சீட்டின் மேலேயே இருந்தது. வேர்வை தாடையிலிருந்து சொட்டிச் சேலையில் விழுந்தது. நான் விசிறியைப் போடவும் மறந்துவிட்டேன்.

"புதுச் சீட்டு தந்தா நான் மறுபடியும் யோசிப்பேன் புள்ள" என்றார்.

"அதுக்காகச் செல்லாத ஓட்டையா அனுப்புவீங்க?"

"யோசிச்சு முடிச்சது இதுலதான் இருக்கு."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "அக்கா, தெரிஞ்சேவா போட்டீங்க?"

என்னைப் பார்த்தார். "டிக் தெரிஞ்சுதான் போட்டேன்."

இனிஷியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைத் தானே மடித்துச் சின்ன உறையில் வைத்தார். பசை கேட்டார். ஒட்டி, உறுதிமொழித் தாளோடு பெரிய உறைக்குள் வைத்து, அதையும் ஒட்டி, ஓரங்களைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். செல்லாது என்று தெரிந்த உறைக்கு அவ்வளவு கவனம். கை தவறிய தவறுதானா, அல்லது கணவர், அண்ணன் இரண்டு பேரில் யாரையும் தோற்கவைக்காமல் இருக்க அந்தக் கை தானே ஒரு வழியைத் தேடிக்கொண்டதா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். அக்கா பிறகு எங்கள் நிர்வாகத்தின் வேறொரு ஊர்ப் பள்ளிக்கு மாறிப் போனார். போகும்போதும் நான் கேட்கவில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் தபால் ஓட்டுக்கென்று வைத்திருந்த பெட்டியில் உறையைப் போட்டார். அது உள்ளே விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்று கணவருக்கு போன் செய்தார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்கிற அளவு சத்தமாக வந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"யாருக்கு?"

"உங்களுக்கு எதிரா என் ஓட்டு விழாதுங்க. சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டாராம். குரல் தணிந்து, வரும்போது ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று அவர் கேட்டார். அக்கா வேண்டாம் என்று வைத்துவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாந்தேன். போட்டுட்டேன்ணே. போட்டாவெல்லாம் எடுக்கக் கூடாது, சட்டம். உனக்கு எதிரா என் ஓட்டு விழாது, போதுமா?"

எழுமலையிலிருந்து ஒரு பெரிய சிரிப்பு வந்தது. "அதான பாத்தேன், எந்தங்கச்சின்னா கொக்கா!"

இரண்டு பேரிடமும் அவர் சொன்னது உண்மை. அதுதான் என்னை நிம்மதியாக நிற்க விடவில்லை. ஒரு மாதமாக ஊரையெல்லாம் கேட்டு, உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, கடைசியில் இப்படி ஒரு உண்மையா கிடைத்தது? எனக்கே கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.

"அப்ப நீங்க யோசிச்சது அம்புட்டும் வீண்தானக்கா? அந்த டிக் யாருக்குன்னு ஒருத்தருக்குமே தெரியாமப் போயிருச்சே."

அக்கா என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். வெயில் படாமல் முந்தானையை அவள் தலைமேல் இழுத்துவிட்டார்.

"ஏன் தெரியாது? செல்லாதுன்னு தூக்கிப் போடுறதுக்கு முன்னால எண்ணுறவரு அத ஒருதரம் விரிச்சுப் பாக்கணும்ல? டிக் எங்க இருக்குன்னு அவரு பாப்பாரு. பக்கத்துல யாரு போட்டதுன்னும் பாப்பாரு." குழந்தையின் முதுகைத் தட்டியபடி பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "ஒருத்தரு பாத்தாப் போதும் எனக்கு."